சங்கடத்துக்கு ஸ்பானிஷில் என்ன?

சம்பந்திகள் வரப்போகிறார்கள் என்று மகள் போனில் சொன்னபோது தையலக்காவின் உதட்டிடுக்கில் நாலு குண்டூசி இருந்தது. அதனால் "ஐயையோ" என்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. "ம்ம்ம்ம்" என்றாள். மகள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். "சரிம்மா, அப்ப டிக்கெட் போடச் சொல்லிடறேன். ஒரு வாரம், நம்ம வீட்லதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மகளின் கல்யாணம் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பதிவு அலுவலகத்தில் ரெண்டு கையெழுத்தோடு முடிந்தது. மாப்பிள்ளையின் தாய்மொழி ஸ்பானிஷ். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அவருடைய அம்மா நீச்சல்குளப் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டதால் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. வீடியோவில் கையாட்டியதோடு சரி. மாப்பிள்ளை தமிழை இடறி இடறிப் பேசுவார். 'அத்தை', 'மாமா' ரெண்டும் மட்டும் அட்சர சுத்தமாக வரும். அவருடைய அப்பா அம்மாவுக்கோ ஸ்பானிஷை விட்டால் வேறு பாஷையே கிடையாது. மகளும் மாப்பிள்ளையும் ஊரின் மறுகோடியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தார்கள். பகலெல்லாம் ரெண்டு பேருக்கும் வேலை, மகளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். ஆக, சம்பந்திகள் படுப்பது, எழுவது, குளிப்பது, முழிப்பது எல்லாம் தையலக்கா வீட்டில்.

"இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிற? சிரிச்சுக்கிட்டே இருந்தாப் போதும்" என்றார் அவள் புருஷன். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்தப் பிரச்னையும் ஏழு நிமிஷத்துக்கு மேல் தாமதமாகாது என்ற நம்பிக்கை உள்ளவர்.

"ஒரு வாரம் சிரிச்சா தாடை கழண்டு கையில வந்துடும்ங்க" என்றாள் தையலக்கா.

அவள் கவலை வேறு. மருந்துக்கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவில், ஒரு ஆள் கை நீட்டினால் ரெண்டு சுவரும் தட்டுகிற அகலத்தில் அவளுடைய ஆல்டரேஷன் கடை. ஒரு மெஷின், ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு ஆளுயரக் கண்ணாடி. இருபத்திரண்டு வருஷமாக அந்தத் திரைக்குப் பின்னால் நின்று அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: மனுஷர்கள் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள். மூச்சு முட்டிக் கண் பிதுங்க நிற்பார்கள். கேட்டால் "லேசா டைட்டு" என்பார்கள். அக்குளில் தையல் அறுத்துச் சிவந்திருக்கும்; "பரவால்லக்கா, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே குத்துகிறது என்று வாயைப் பிடுங்கித்தான் வாங்க வேண்டும். சொந்த பாஷைக்காரர்களே இந்த லட்சணம் என்றால், பாஷை தெரியாத சம்பந்திகள் எதைச் சொல்லப் போகிறார்கள்? தண்ணீர் சுட்டால் சுடுகிறது என்று சொல்வார்களா? கட்டில் குத்தினால் குத்துகிறது என்று சொல்வார்களா? விருந்தாளி விழுங்கிய கஷ்டம் வீட்டுக்காரிக்குத்தான் செரிக்காது.

அன்றைக்கே போனில் ஒரு ஆப் இறக்கிக்கொண்டாள். மூன்று நாள் கழித்து, 'யானை செய்தித்தாள் படிக்கிறது', 'என் மாமாவிடம் மஞ்சள் குதிரை இருக்கிறது' என்ற ரெண்டையும் அவளால் தங்குதடையில்லாமல் ஸ்பானிஷில் சொல்ல முடிந்தது. போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பக்கத்து மருந்துக்கடைக்குப் போனாள்.

மருந்துக்கடைக்காரிக்கு அந்தத் தெருவில் 'மாத்திரை' என்று பேர். ஆளும் அப்படித்தான், சின்னதாக, உருண்டையாக, கொஞ்சம் கசப்பாக. படிக்கிற காலத்தில் ஸ்பானிஷ் பேசுகிற ஊரில் மூன்று வருஷம் இருந்தவள்.

"எனக்கு யானை வேணாம், குதிரை வேணாம்" என்றாள் தையலக்கா. "வலிக்குது, எரியுது, குத்துது, கூச்சமா இருக்கு. இது மட்டும் சொல்லிக் குடு. அவங்க சொன்னா எனக்குப் புரியணும், நான் கேட்டா அவங்களுக்குப் புரியணும்."

மாத்திரை இருமல் மருந்துப் பாட்டிலை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டாள். "அக்கா, முதல்ல இங்கிலீஷை மறந்துடுங்க. தமிழ்லேர்ந்து நேரா போங்க. நாம என்ன 'நான் ஒரு தலைவலி வச்சிருக்கேன்'னா சொல்றோம்? 'எனக்குத் தலை வலிக்குது'ங்கறோம். அவங்களும் அச்சா அதேதான். 'மே'ன்னா எனக்கு. 'துவெலெ'ன்னா வலிக்குது. 'லா கபேசா'ன்னா தலை."

"மே துவெலெ லா கபேசா" என்றாள் தையலக்கா. தன் வாயிலிருந்து வந்ததைத் தானே திரும்பிப் பார்த்தாள். "அட, நம்மாளுங்க மாதிரியே பேசறாங்களே!"

"பொறுங்க. செருப்பு கடிச்சா, 'மே அப்ரியேத்தா எல் சபாத்தோ'. எனக்கு இறுக்குது செருப்பு. அரிச்சா 'மே பிகா'. எனக்குக் கடிக்குது."

"கூச்சமா இருந்தா?"

"மே தா வெர்குவென்சா. எனக்குக் கூச்சத்தைக் குடுக்குது."

"யாரு குடுக்குறா?"

"யாரோ குடுக்குறாங்க, வாங்கிக்கோங்க. பசியும் சூடும்தான் கொஞ்சம் வேற. அது ரெண்டையும் அவங்க கையில வச்சிருப்பாங்க. 'சூடு வச்சிருக்கேன்'னுதான் சொல்லணும். 'நான் சூடா இருக்கேன்'னு சொல்லிடாதீங்க."

"சொன்னா?"

மாத்திரை கடையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு காதில் சொன்னாள். தையலக்கா கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க எந்தக் கஸ்டமர் "உள்ள ரொம்ப சூடா இருக்குக்கா" என்றாலும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்படிப் பதினெட்டு நாள். நோட்டில் தலையிலிருந்து கால்விரல் வரைக்கும் எழுதி முடித்தாள். புருஷனையும் உட்கார வைத்துப் பார்த்தாள். அவர் ரெண்டு பக்கம் புரட்டினார். 'எஸ்தாமோஸ்' என்றால் 'நாங்க இருக்கோம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நோட்டை மூடிவிட்டார்.

"ரகசியம் எனக்குப் புரிஞ்சு போச்சு. இங்கிலீஷ் வார்த்தைக்குப் பின்னால ஒரு 'ஓ' போட்டா ஸ்பானிஷ். டெலிஃபோனோ, மினுத்தோ, பெர்ஃபெக்தோ. மாப்பிள்ளைகிட்ட சொல்லிப் பாத்துட்டேன். மூணும் கரெக்டாம்."

"வாலை ஒட்டினா எல்லாம் குதிரையாயிடாதுங்க" என்றாள் அவள்.

"நீ பொறாமைப்படற" என்றார் அவர்.

சம்பந்திகள் வந்து இறங்கினார்கள். சம்பந்தி பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர். ஒல்லி, நீள விரல்கள், எதையும் தலையைச் சாய்த்துக் கேட்பார். சம்பந்தியம்மா நீச்சல் பயிற்சியாளர். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், நாலு வீடு கேட்கிற குரல். ரெண்டு பேரும் தையலக்காவைக் கட்டிக்கொண்டு ரெண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்கள். புருஷனுக்கும் அதேதான் நடந்தது. நீட்டிய கையோடு அவர் அரை நிமிஷம் அப்படியே நின்றார். டிப்போவில் இருபது வருஷ சர்வீஸில் அவருக்கு நேராத விபத்து அது.

மறுநாள் காலையில் பியானோக்காரர் தலையை இடது தோள்பக்கம் சாய்த்தபடியே எழுந்து வந்தார். அது அவர் வழக்கம் என்று புருஷன் நினைத்தார். தையலக்கா நினைக்கவில்லை. சாய்வு வழக்கத்தைவிட ஒன்றரை இஞ்சு கூடுதல். காபி குடிக்கும்போது முகத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார்.

"மூய் பியென், மூய் பியென்" என்றார் அவர், யாரும் கேட்காமலேயே. ரொம்ப நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு. 'லேசா டைட்டு' மாதிரிதான் இதுவும்.

தையலக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரில் போய் நின்றாள். "லே துவெலெ எல் குவெயோ?" என்றாள். உங்களுக்கு வலிக்குதா கழுத்து?

பியானோக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். அவளையே பார்த்தார். அப்புறம் அணை உடைந்தது. கழுத்து, தலையணை, இடது தோள், விமானத்தில் முன் சீட்டுக்காரன், வலது முட்டி, தன் பெண்டாட்டி தூக்கத்தில் நீச்சலடிப்பது என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டியபடி பத்து நிமிஷம் பொழிந்து தள்ளினார். அவளுக்குப் புரிந்த வார்த்தை ஆறு. புரியாத கஷ்டம் ஒன்றுமில்லை. தலையணையை எடுத்துவிட்டுப் போர்வையை நாலாக மடித்துப் போட்டாள். கழுத்துக்குத் தைலம் கொடுத்தாள். அவர் அவள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார். தையலக்கா கடைக்குப் போகிற வழியில் மருந்துக்கடை வாசலில் நின்று, "கேட்டேன்! சொன்னாரு!" என்று கத்திவிட்டுப் போனாள். மாத்திரை எழுந்து நின்று கை தட்டினாள். மருந்து வாங்க வந்தவர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். ஆறு பேரும் மேஜையைச் சுற்றி இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சூப்பை ஊற்றினதும் மகள், "நான் போய்த் தட்டெல்லாம் எடுத்து வைக்கிறேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். "நானும்" என்று மாப்பிள்ளை பின்னாலேயே போனார். 'ரெண்டு வருஷமாயும் இதுகளுக்குப் பிரிஞ்சிருக்க முடியலையே' என்று தையலக்கா உள்ளுக்குள் பூரித்துக்கொண்டு ஒரு கிண்ணம் சூப்புக்கு மூணு கிண்ணம் குடித்தாள்.

அப்போது சம்பந்தியம்மாவின் கையிலிருந்து ஸ்பூன் நழுவிக் கீழே விழுந்தது.

டைம் கீப்பர் மரியாதை தெரிந்த மனுஷர். "நோ நோ, ஒன் மினுத்தோ!" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார்.

டர்ர்ர்ர்.

அந்தச் சத்தத்தைத் தையலக்கா தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள். நடுத்தையல், இடுப்புப்பட்டியிலிருந்து அடிவரைக்கும், ஒரே ஓட்டமாக. ரெண்டு வருஷமாக அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள், "இடுப்புல ஒரு இஞ்சு விட்டுத் தரேன், குடுங்க" என்று. "நான் குண்டாகல, துணி சுருங்கியிருக்கு" என்று அவர் பேண்ட்டைக் கட்டிக்காத்து வந்தார். வைத்தியன் பிள்ளை சீக்கு, தையல்காரி புருஷனுக்குக் கிழிசல். பியானோக்காரர் தலையைச் சாய்த்துச் சத்தத்தின் சுருதியைக் கேட்டுக்கொண்டு, பிறகு மிகுந்த நாகரிகத்தோடு கூரையைப் பார்த்தார். சம்பந்தியம்மா சூப்பைப் பார்த்தார்.

டைம் கீப்பர் ஸ்பூனோடு நிமிர்ந்தார். ஒரு கையைப் பின்னால் வைத்துப் பொத்திக்கொண்டார். முகம் பஸ்ஸின் பின்விளக்கு மாதிரி சிவந்திருந்தது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம், பிளக்கவில்லை. இந்த நேரத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எனக்குச் சங்கடமா இருக்கு. என் பெண்டாட்டி தையல்காரி, அவளுக்கும் சங்கடம். நாங்க ரெண்டு பேருமே சங்கடத்துல இருக்கோம். இதுதான் விஷயம். இங்கிலீஷ் வார்த்தை கைவசம் இருந்தது. 'எம்பராஸ்'. வால்தானே வேண்டும்? ரெண்டு பேர் என்பதால் 'எஸ்தாமோஸ்' மாதிரியே நீள வாலாக ஒட்டிக்கொண்டார். ஸ்பூனால் தன்னைச் சுட்டினார், பெண்டாட்டியைச் சுட்டினார், தெளிவாக உச்சரித்தார்:

"எஸ்தாமோஸ் எம்பராசாதோஸ்!"

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கீழே பார்த்தார். சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மேலே பார்த்தார். ரெண்டு பேரும் சேர்ந்து தையலக்காவைப் பார்த்தார்கள். ஐம்பத்தோரு வயது, காதோரம் நரை, மூக்கில் கண்ணாடி. அவள் மரியாதைக்குத் தலையை ஆட்டினாள். 'ஆமாம்' என்பதுபோல்.

சம்பந்தியம்மா வீல் என்று ஒரு சத்தம் போட்டார். நீச்சல்குளத்தில் அந்தச் சத்தம் போட்டால் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கரையேறும். மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து தையலக்காவைக் கட்டிப்பிடித்தார். பியானோக்காரர் டைம் கீப்பரின் ஸ்பூன் பிடித்த கையைக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். இவருக்கு அந்தக் கையை மட்டும்தான் கொடுக்க முடிந்தது.

'கிழிஞ்ச பேண்ட்டுக்கு இவ்வளவு ஆறுதலா? எவ்வளவு நல்ல மனசு' என்று நினைத்தாள் தையலக்கா.

சம்பந்தியம்மா மண்டி போட்டு உட்கார்ந்து அவள் வயிற்றில் மெதுவாகக் கையை வைத்தார். நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டார். வயிறு! அடடா, இது தெரிந்த பாடம். மூணு கிண்ணம் சூப்பு குடித்ததையும் கவனித்திருக்கிறார். வலிக்குதா என்று கேட்கிறார். நிஜமாகவே கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. இந்த வீட்டில் யாரும் கஷ்டத்தை மறைக்கக்கூடாது என்று நினைப்பவள், தானே மறைக்கலாமா?

"மே துவெலெ உன் போகோ" என்றாள். கொஞ்சம் வலிக்குது.

சம்பந்தியம்மாவின் முகம் மாறிவிட்டது. அடுத்த நொடி தையலக்கா நாற்காலியில் இல்லை. ரெண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டுபோய் சோபாவில் படுக்கப்போட்டு, காலுக்கடியில் மூணு குஷனை அடுக்கினார். எத்தனையோ பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கிய கைகள். பியானோக்காரர் செய்தித்தாளால் விசிறினார். சம்பந்தியம்மா சமையலறைப் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டுப் படபடவென்று பொரிந்தார்.

மாப்பிள்ளை கதவருகே வந்து கேட்டார். தாடை தொங்கிவிட்டது. பின்னால் வந்த மகள், "என்னாச்சு? அம்மாவுக்கு என்ன?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் வழித்தெடுத்துச் சொன்னார்:

"அத்தை... பாப்பா. வயித்துல. அத்தைக்குப் பாப்பா வருது. இப்ப வலி."

மகள் சோபாவைப் பார்த்தாள். குஷன்மேல் கால், முகத்தில் விசிறி, நடுவில் அம்மா.

"அம்மா!" என்றாள். "நீயுமா?"

தையலக்கா படுத்தபடியே வாயைத் திறந்தாள், "எனக்கு என்னடி பாப்பா, சூப்புதான்டி" என்று சொல்ல. சொல்லவில்லை. ஏதோ ஒன்று காதில் மாட்டிக்கொண்டு நின்றது. நீயா என்று கேட்கவில்லை. நீயுமா என்று கேட்டிருக்கிறாள். தமிழில் ஒரு 'உம்' சும்மா வராது. முன்னால் ஒரு ஆள் இல்லாமல் பின்னால் 'உம்' போட முடியாது.

குஷன்கள் உருண்டன. தையலக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னடி 'நீயும்'? என்னைத் தவிர வேற யாருடி?"

மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லிவிட்டோமே என்றுதான் பொத்தினாள் என்று முதலில் தோன்றியது. அது மட்டுமில்லை. திரும்பிப் பாத்ரூமுக்கு ஓடினாள். கதவு சாத்திய சத்தமும், அதற்குப் பின்னால் உமட்டுகிற சத்தமும் கேட்டது.

"இங்க என்னதான் நடக்குது?" என்றார் டைம் கீப்பர், சுவரோடு முதுகை ஒட்டிவைத்து நின்றபடி. "நான் பேண்ட் கிழிஞ்சதைத்தானே சொன்னேன்?"

"மாமா," என்றார் மாப்பிள்ளை, "நீங்க என்ன வார்த்தை சொன்னீங்க?"

அவர் மறுபடியும் சொன்னார். இந்த முறை கொஞ்சம் பயந்துகொண்டு.

மாப்பிள்ளை அப்படியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவரைப் பிடித்து ஆட்டியது. "மாமா... அது சங்கடம் இல்ல. எம்பராசாதா... வயித்துல பாப்பா. நீங்க, அத்தை, ரெண்டு பேருக்கும் பாப்பா. அப்படிச் சொன்னீங்க." பிறகு அம்மா அப்பாவிடம் திரும்பி ஸ்பானிஷில் சொன்னார். சொல்லிக்கொண்டே பேண்ட்டைக் காட்டினார், அத்தையைக் காட்டினார், இல்லை இல்லை என்று கையை ஆட்டினார், கடைசியில் பாத்ரூம் கதவைக் காட்டினார். அங்கே கை நின்றது.

பியானோக்காரர் விசிறுவதை நிறுத்தினார். அப்புறம் அவர் சிரித்தார் பாருங்கள், பியானோவின் கடைசிக் கட்டைக்கும் அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சுருதியில், கீச்கீச்சென்று, கண்ணில் தண்ணீர் வர. டைம் கீப்பரைப் போய்க் கட்டிக்கொண்டார். "மே தா வெர்குவென்சா!" என்று சோபாவிலிருந்து தையலக்கா கத்தினாள். "அதுதாங்க வார்த்தை! நோட்டுல எழுதியிருந்தேனே! பக்கம் ஒன்பது!" சொல்லிக்கொண்டே அவள் பாத்ரூமுக்கு ஓடினாள். சம்பந்தியம்மா அவளுக்கு முன்னால் அங்கே இருந்தார்.

மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. "பதினோரு வாரம், நாலு நாள்" என்றாள். "பன்னெண்டு முடியட்டும்னு இருந்தேன்மா."

"ஏன்டி? பெத்தவகிட்டகூடவா?"

மகள் ஈரக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "போன வருஷம் ஆறாவது வாரத்துல எங்க கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உங்ககிட்ட நேர்ல வந்து சொல்லணும்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள ஒண்ணுமில்லாம போயிடுச்சு. போனதுகூடப் பரவால்லம்மா. அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயா 'இல்லீங்க, இப்ப இல்லீங்க'ன்னு சொல்லணும் பாரு. கண்ணாடி வாங்க வர்றவங்களுக்குப் பவர் பாத்துக்கிட்டே சொல்லணும். அவங்க மூஞ்சியைத் தொங்கப்போட, நான் அவங்களைச் சமாதானப்படுத்தணும். அந்தச் சங்கடம் மறுபடி எனக்கு வேணாம்னு..."

தையலக்காவுக்கு இருப்பது தெருவின் எதிர்ப்பக்கம் போகிறவர் சட்டையில் அரை இஞ்சு ஏறியிறங்கினால் சொல்லிவிடுகிற கண். ஒரு வருஷமாக மகள் முகத்தில் இருந்ததை அது பார்க்கவில்லை. அவள் மகள் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தாள்.

சம்பந்தியம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் மருமகளின் முடியை அள்ளித் தன் கையில் இருந்த ரப்பர் வளையத்தால் இறுக்கி முடிந்தார். அவளுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, தன்னையே சாய்மானமாகக் கொடுத்தார். பாத்ரூமில் மூணு பேர் உட்கார இடம் கிடையாது. தையலக்காவின் ஒரு கால் வாளிக்குள் இருந்தது.

"சூப்பு வாசனையே ஆகல" என்றாள் மகள். "ரெண்டு மாசமா எதுவுமே ஆகல. சிரிச்சுச் சிரிச்சு வாய் வலிக்குது."

"உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு" என்றாள் தையலக்கா. "சிரிச்சா போதும்னு யோசனை சொன்னவரு அவருதான்."

வெளியே அந்த நேரம் பார்த்து டைம் கீப்பரின் குரல் கேட்டது, கம்பீரமாக: "தாத்தோ! நான் தாத்தோ! நீங்களும் தாத்தோ!" பியானோக்காரரின் கீச்சுச் சிரிப்பு மறுபடி கிளம்பியது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உமட்டல் வந்தது, குனிந்தாள், நிமிர்ந்து மறுபடி சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம் மகள் சாப்பாட்டு இடைவேளையில் ஆல்டரேஷன் கடைக்கு வந்தாள். சம்பந்தியம்மா காலையிலிருந்தே அங்கேதான், ஸ்டூலில் முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்து, பிரித்த தையலில் நூல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாத்திரையும் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்துவிட்டாள். பதினோரு வாரமாக அடைத்து வைத்ததை மகள் அங்கே நின்று கொட்டினாள். எனக்குக் காலையில எழுந்தா தலை சுத்துது. எனக்கு இவரோட ஷேவிங் கிரீம் நாத்தம் தாங்கல. எனக்கு பஸ்ஸுல யாராவது எழுந்து இடம் குடுத்தா கூச்சமா இருக்கு, குடுக்கலன்னா கோவம் வருது. எனக்குக் கால் வீங்குது. எனக்கு நீங்க மூணு பேரும் இப்படிப் பாத்தா அழுகை வருது.

மாத்திரை ஒவ்வொன்றையும் சம்பந்தியம்மாவுக்கு ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே வந்தாள். சம்பந்தியம்மா நடுவில் கையைத் தூக்கி நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

"ஒவ்வொரு தடவையும் முதல்ல வருதே, அந்த 'எனக்கு' என்னன்னு கேக்கறாங்க" என்றாள் மாத்திரை. "அது உங்க 'மே'தான்னு சொல்லிட்டேன்."

"எனக்கு" என்றார் சம்பந்தியம்மா, ருசி பார்ப்பதுபோல். "எனக்கு. எனக்கு." வந்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் 'மூய் பியென்' என்று சொல்லிவந்த அம்மா.

அந்த நேரம் பார்த்து டைம் கீப்பர் ஒரு பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே பெண்கள் கூட்டத்தைப் பார்த்ததும் தயங்கினார். பொட்டலத்தைத் தையலக்காவின் மெஷின்மேல் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "ஒரு இஞ்சு" என்றார். "வேணும்னா ஒண்ணேகால்" என்றார். திரும்பி வேகமாகப் போய்விட்டார்.

நாலு பேரும் அவர் தெருமுனை திரும்புகிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். அப்புறம் முடியவில்லை. தையலக்கா மெஷின்மேல் கவிழ்ந்தாள். மாத்திரை திரையைப் பிடித்துத் தொங்கினாள். ஸ்டூல் ஒரு பக்கம் சாய, சம்பந்தியம்மா விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வயிற்றைத் தட்டிக் காட்டி, "இதுக்கு என்ன?" என்பதுபோல் மருமகளைப் பார்த்தார்.

"வயிறு" என்றாள் மகள். "வலிக்குது."

சம்பந்தியம்மாவுக்கு 'வ' வரவில்லை. உதடு ரெண்டும் ஒட்டிக்கொண்டு 'ப' மாதிரி ஒன்றுதான் வந்தது.

"எனக்கு பயிறு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலு கடைக்கும் கேட்கிற அந்தக் குரலில். "எனக்கு பயிறு பலிக்குது!"

சாவிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, என்ன பலிச்சிடுச்சு?" என்று கேட்டார். நாலு பேரும் மறுபடி கவிழ்ந்தார்கள்.